பேச்சுக்கு இடம்விடும் பியானோ: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் மார்த்தாண்டத்திற்கு அருகில் வசிக்கிறேன். சிறு வயதிலிருந்து எங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசித்து வருகிறேன். டிரினிட்டி தேர்வுகளில் ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறேன். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில், சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் மெல்லிய பியானோ இசை வாசிக்க என்னை அழைத்திருக்கிறார்கள். ‘ரொமான்டிக்காக இருக்க வேண்டும்’ என்பது அவர்கள் சொன்ன ஒரே நிபந்தனை. அங்கே பழைய பியானோ ஒன்றும் இருக்கிறது. இசையமைப்பாளர் ஷோப்பானின் ஈ ஃபிளாட் மேஜர் நாக்டர்ன் எனும் இரவிசையை ஆறு மாதமாகப் பழகி வருகிறேன். அதில் தொடங்கலாமா? வேறு எளிய இசைகள் எவை?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அந்த நாக்டர்னை வீட்டில் தொடர்ந்து பழகுங்கள், விடுதிக்கு இப்போது எடுத்துச் செல்ல வேண்டாம். 1832இல் வெளியான அந்த இசையில் இடக்கை ஓயாமல் கீழ் ஸ்தாயியிலிருந்து கார்டுகள் எனும், சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களுக்குத் தாவிக்கொண்டிருக்கும். வலக்கையின் மெட்டோ திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் புதிய அலங்காரங்களை அணிந்துகொண்டு வரும். இவ்விரண்டையும் காப்பாற்றிக்கொண்டிருப்பவருக்கு வேறொன்றைக் கவனிக்க மனத்தில் இடம் மிஞ்சாது. உணவுக்கூடத்தில் வாசிப்பவருக்கு அந்த மிச்ச இடம்தான் முதல் தேவை. ஒரு குழந்தை வந்து பக்கத்தில் நின்று கட்டையை அழுத்தும்; மேலாளர் தூரத்திலிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டுவார்; ஏதோ ஒரு மேசைக்குப் பிறந்தநாள் கேக் வந்துவிடும். யாராவது அருகில் வந்து ஏதேனும் கேட்டால், கை நிற்காமல் தலையசைத்துப் பதில் சொல்ல எந்த இசையில் முடிகிறதோ அதுவே பொது இடத்தில் உங்களுக்கு எளிய இசை என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஐந்தாம் கிரேடு முடித்தவருக்கு அது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் கிரேடு அளவில் அமையும்.

விடுதியார் சொன்ன ‘ரொமான்டிக்’ என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்பது காதலர்களும் புதுமணத் தம்பதிகளும் அமர்ந்திருக்கும் மாலைக்கு உகந்த இனிமை. இசை வரலாற்றில் அச்சொல் குறிப்பதோ ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டு முழுவதையும். அந்த நூற்றாண்டின் இசையில் புயலும் வீரமும் இழவும் காதலுக்குக் குறையாமல் இருக்கின்றன. ஷோப்பானின் ஓபஸ் 28இல் (ஓபஸ் என்பது படைப்பு எண்) உள்ள நான்காவது பிரெலூட் எனும் சிற்றிசை, ஈ மைனரில் அமைந்தது. இடக்கையில் கார்டுகள் மெல்ல மெல்லக் கீழிறங்க, வலக்கை இரண்டு மூன்று ஸ்வரங்களிலேயே நின்று ஏங்கும். உங்கள் விரல்களுக்கு அது எளிதுதான். ஆனால், 1849இல் பாரிஸில் ஷோப்பானின் இறுதிச் சடங்கில் ஆர்கனில் வாசிக்கப்பட்ட இசை அது. அந்த வரலாறு தெரியாதவர்களுக்கும் அதன் துயரம் கேட்டவுடனே எட்டிவிடும். இருவர் எதிரெதிரே அமர்ந்து உண்ணும் மேசைக்கு அது மிகவும் கனமான இசை. ஆகவே, அந்தக் காலத்து இசையாகவும் இருக்க வேண்டும், மனத்தை அமைதிப்படுத்துவதாகவும் இருக்க வேண்டும், விரலுக்கும் அடங்க வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

அப்படித் தேடும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நார்வே நாட்டின் கிரீக். ‘லிரிக் பீசஸ்’ என்ற பெயரில் 66 சிற்றிசைகளைப் பத்துத் தொகுதிகளாக எழுதியவர். 1867இல் வந்த முதல் தொகுதியின் முதல் இசையான ‘அரியெட்டா’ வெறும் 23 பார்கள், அதாவது தாள அளவுகள்தான். மேலே ஒரு மெட்டு, கீழே பாஸ் எனும் கனத்த அடிக்குரல், நடுவில் இரு கைகளும் பகிர்ந்துகொள்ளும் சிற்றலை போன்ற ஓட்டம் என மூன்று அடுக்குகள் அதில் உண்டு. நடு அடுக்கை மிக மிக மென்மையாக வாசிக்கப் பழகுவதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். அதுவே பின்னணி இசைக்கு வேண்டிய கைப்பக்குவம் முழுவதையும் உங்களுக்குக் கற்றுத் தந்துவிடும். இந்த மெட்டின்மீது கிரீக்குக்கு இருந்த பற்றையும் சொல்ல வேண்டும். 1901இல் எழுதிய கடைசித் தொகுதியின் கடைசி இசையில் இதே மெட்டை வால்ட்ஸ் எனும் நடன இசையாக மாற்றித் திரும்ப அழைத்துவந்தார். இரண்டையும் கற்றுக்கொண்டால், மாலையின் தொடக்கத்தில் ஒன்றையும் முடிவில் மற்றொன்றையும் வாசிக்கலாம். கூர்ந்து கேட்கும் ஒருவர் கூடத்தில் இருந்தாலும் அவருக்கு அது பெரிய மகிழ்ச்சியாக இருக்கும்.

அடுத்தது சாய்கோவ்ஸ்கி 1878இல் எழுதிய ‘சிறுவர் ஆல்பம்’. அதிலுள்ள 24 இசைகளில் ‘இனிய கனவு’ என்பது உங்களுக்காகவே எழுதியது போலிருக்கும். மெட்டு முதலில் வலக்கையில் பாடும், பிறகு இடக்கைக்கு இறங்கும், மீண்டும் மேலேறும். ‘பழைய பிரெஞ்சுப் பாட்டு’ அதைவிட எளிது, சற்றே சோகம் தோய்ந்தது. ஷூமன் 1838இல் எழுதிய ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ 13 இசைகள் கொண்டது. பலரும் அதில் ஏழாவதாக வரும் ‘டிராய்மெராய்’ எனும் கனவிசைக்கு நேராகப் போய்விடுகிறார்கள். நோட்ஸில் பார்த்தால் ஸ்வரங்கள் குறைவாகவும் வேகமின்றியும் தெரியும். ஆனால் ஆக்டேவை (ஒரு ஸ்தாயி அகலத்தை)த் தாண்டி விரியும் கார்டுகளும், ஒரே கையில் இரண்டு மூன்று குரல்களைத் தனித்தனியே நீட்டிப் பிடிக்க வேண்டிய கட்டாயமும் அதைக் கடினமாக்குகின்றன. அதே தொகுப்பின் முதல் இசை, தொலைதேசங்களையும் மனிதர்களையும் பற்றிய ஜி மேஜர் இசை, அழகில் குறைந்ததன்று, உழைப்போ பாதிதான். அதையே முதலில் எடுங்கள்.

மெண்டல்சன் எழுதிய ‘சொல்லில்லாப் பாடல்கள்’ வரிசையில் வெனிஸ் படகுப் பாட்டுகள் வருகின்றன. ஓபஸ் 19இன் ஆறாவது இசையான ஜி மைனர் படகுப் பாட்டில், இடக்கை துடுப்புப் போடுவது போல அசைந்துகொண்டே இருக்கும். நம் முனையின் கடலில் வெனிஸ் வாய்க்கால்களின் அமைதி இல்லைதான். ஆனாலும் சன்னலுக்கு வெளியே தண்ணீர் தெரியும் அறையில் அந்த அசைவு பொருந்துகிற விதம் வேறெங்கும் வாய்க்காது. ஷோப்பானையும் நீங்கள் முற்றிலும் விட வேண்டியதில்லை. ஓபஸ் 28இன் ஏழாவது பிரெலூட் 16 பார்களில், ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். அதில் வரும் ஒரேயொரு பெரிய கார்டு கைக்கு எட்டாவிட்டால், ஸ்வரங்களைக் கீழிருந்து மேலாகச் சரித்து வாசிக்கலாம். அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து 1955இல் அச்சான ஏ மைனர் வால்ட்ஸ் உங்கள் திறனின் மேல் எல்லையில் இருக்கும். நன்கு பழகிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். பிராம்ஸின் ஓபஸ் 39இல் உள்ள 16 வால்ட்ஸ்களில் பதினைந்தாவது தாலாட்டு போன்றது. அத்தொகுப்பை அவரே எளிமையாக்கியும் எழுதியிருக்கிறார் என்பதால், எளிய வடிவத்தை வாசிக்கத் தயங்க வேண்டாம். பீத்தோவனின் ‘ஃபியூர் எலிஸ்’ 1810இல் எழுதப்பட்டு, அவர் மறைந்து 40 ஆண்டுகளுக்குப் பின் 1867இல் அச்சேறியது. கைபேசி ஒலியாகப் பலரும் கேட்டுப் பழகியது ஆகையால், அதைத் தொடங்கியவுடனே தலைகள் திரும்பும். பின்னணியில் இருக்க விரும்பும் மாலையில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பின்னணி இசை என்றவுடன் கவனமின்றி வாசிக்கும் இசை என்று கருதிவிடாதீர்கள். எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், அறையிலுள்ள மேசை நாற்காலி போல இருந்துவிட்டுப் போகும் இசை ஒன்றை விரும்பினார்; அதற்கு ‘தளவாட இசை’ என்றே பெயரிட்டார். 1920இல் பாரிஸின் ஓவியக் கூடம் ஒன்றில், நாடகத்தின் இடைவேளையில் அதை வாசிக்கச் செய்தபோது, யாரும் கேட்க வேண்டாம், பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருங்கள் என்று வந்தவர்களிடம் வேண்டினார்கள். ஆனால் இசை தொடங்கியதும் எல்லாரும் இருக்கைக்குத் திரும்பி அமைதியாகிவிட்டார்கள். சாட்டி அங்குமிங்கும் சென்று பேசச் சொல்லியும் பயனில்லை. மனிதர்கள் இயல்பாகவே இசைக்குச் செவி கொடுக்கிறார்கள். அவர்களுடைய பேச்சுக்கு இடம்விடுவது வாசிப்பவரின் பொறுப்பு. ஒலியைத் திடீரென உயர்த்தாமல் இருப்பது, முடிவில் பெரிய கார்டில் நிற்காமல் கரைந்து போவது, ஓர் இசைக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடம் மௌனம் விடுவது ஆகியவை அந்தப் பொறுப்பில் அடங்கும். அந்த மௌனத்தில் பக்கத்து மேசையைக் கவனியுங்கள். இருவர் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தால், நீங்கள் இதுவரை உரக்க வாசித்திருக்கிறீர்கள் என்று பொருள். சாட்டியின் முதல் ‘ஜிம்னோபெடி’, 1888இல் எழுதப்பட்டது, இந்த நிதானத்தைக் கற்க மிக உதவும்.

எத்தனை இசைகள் வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று நிமிடம்தான் வரும். உணவு முடித்து ஒரு கூட்டம் எழுந்துபோக, வேறொரு கூட்டம் வந்து அமரும் இடம் அது என்பதால், 15 இசைகள் கையில் இருந்தால், திரும்ப வாசித்தும் நடுவில் ஓய்வெடுத்தும் இரண்டு மணி நேரத்தைக் கடந்துவிடலாம். மனப்பாடமாகத் தெரிந்த 15, நோட்ஸைப் பார்த்துத் தடுமாறும் 40ஐ விட மேலானவை.

அந்தப் பழைய பியானோவை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு காலைப்பொழுதில் போய்ப் பாருங்கள். கடற்காற்றின் உப்பு கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். நம் மாவட்டத்திற்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகள், அந்த ஈரத்தில் மரமும் ஃபெல்ட் எனும் கம்பளித் துணியும் ஊதிக் கட்டைகள் அழுந்தியபடியே நின்றுவிடும். 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மிக மெல்ல அழுத்திப் பாருங்கள்; உரக்க வாசிக்கும்போது ஒலிக்கும் கட்டை மெல்ல அழுத்தும்போது ஊமையாகிவிடும், உங்களுக்கு வேண்டியதோ மென்மை. மொத்த ஸ்ருதியும் சற்றுக் கீழே இறங்கியிருந்தால், தனியாக வாசிப்பதால் பாதகமில்லை. மேல் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று முரண்பட்டு ஒலித்தால், ட்யூனிங் செய்யும்வரை நடு ஸ்தாயியில் அமைந்த இசைகளையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. அவளுடைய சித்தியின் திருமண வரவேற்பில், மணமக்கள் மேடைக்கு வரும்வரை 15 நிமிடம் கீபோர்டு வாசிக்க ஆசைப்படுகிறாள். கை சிறியது. ஆலயத்தில் பாடும் பாமாலைப் பாட்டுகள் நன்றாக வாசிப்பாள். அவற்றையே வாசிக்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வாசிக்கலாம், ஆனால் ஒவ்வொரு பாட்டையும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் வாசித்துக் காட்டிய பிறகு தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் பாமாலை ராகங்களைச் சொற்களோடு அறிந்தவர்கள் கூட்டத்தில் பாதிப் பேராவது இருப்பார்கள். அடக்க ஆராதனையில் பாடும் பாட்டின் ராகம், எவ்வளவு இனிமையாக இருந்தாலும், சொற்களை உடனே நினைவூட்டிவிடும். அண்மையில் ஒருவரை இழந்தவர் அங்கே அமர்ந்திருக்கலாம்.

சொல்லில்லாத இசைகளில் இந்தச் சங்கடம் இல்லை. ஷூமன் 1848இல் எழுதிய ‘சிறுவருக்கான ஆல்பம்’, தம் மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு எழுதிக் கொடுத்த சிற்றிசைகளிலிருந்து வளர்ந்தது. அதன் முதல் இசையான ‘மெலடி’ ஐந்து விரல்களுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். புர்க்முல்லரின் ஓபஸ் 100இல் உள்ள 25 பயிற்சி இசைகளும் சிறிய கைகளை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை. முதலாவதான ‘லா காந்தோர்’ மென்மையாக ஓடும். இவற்றோடு ‘இனிய கனவு’ம் சேர, ஆறு இசைகளை இருமுறை வாசித்தால் 15 நிமிடம் ஆகிவிடும். மணமக்கள் எந்த நொடியில் வந்தாலும் அழகாக நிறுத்துவதற்கு, ஒவ்வொரு இசையிலும் நடுவில் முடிக்கத் தக்க இரண்டு இடங்களைப் பென்சிலால் குறித்துப் பழகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தக்கலைப் பக்கத்தில் ஒரு வரவேற்பில் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கீபோர்டு மீண்டும் உயிர்பெற்றபோது, நான் அமைத்து வைத்திருந்த மெல்லிய ஒலி அழிந்து, முழுச் சத்தத்தில் வேறொரு டோனில் முதல் கார்டு அரங்கையே அதிரவைத்தது. அன்றிலிருந்து பேட்டரியிலும் ஓடக்கூடிய கருவியையே எடுத்துச் செல்கிறேன். பெரும்பாலான மண்டபங்களில் தரையும் சுவரும் வழவழப்பானவை, எதிரொலி மிகும். ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை வீட்டில் மிதிப்பதில் பாதிக்கும் குறைவாக மிதித்தால் போதும்.

கேள்வி: இவ்விசைகளைப் பொது இடத்தில் வாசிக்க உரிமம் பெற வேண்டுமா?
— வாசகர், குலசேகரம்

பதில்: இந்தியச் சட்டப்படி இசைப் படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை. மெண்டல்சன் 1847இலும், ஷோப்பான் 1849இலும், ஷூமன் 1856இலும், கடைசியாக கிரீக் 1907இலும் சாட்டி 1925இலும் மறைந்துவிட்டார்கள். ஆகவே மூல இசைக்கு உரிமம் வேண்டாம். இன்றைய ஒருவர் எளிமையாக்கி எழுதிய வடிவத்திற்கு அவருடைய உரிமை இருக்கும். மூல நோட்ஸை ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே எடுக்கலாம். விடுதியில் திரைப்பாடல்கள் வாசிப்பதானால் உரிமம் வேண்டும். அதை நிகழ்ச்சி நடத்தும் விடுதியே பெறுமாறு முன்னதாகப் பேசிக்கொள்ளுங்கள். திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

கேள்வி: என்னிடம் 61 கட்டைகள் கொண்ட கீபோர்டுதான் உள்ளது. போதுமா?
— வாசகி, குளச்சல்

பதில்: சிறுவர் ஆல்பங்களுக்குப் பெரும்பாலும் போதும். கீழ் ஸ்தாயியில் கட்டை இல்லாமல் போகும் இடங்களில் அந்த பாஸ் ஸ்வரத்தை ஓர் ஆக்டேவ் உயர்த்தி வாசியுங்கள். ஆனால், மெல்ல அழுத்தினால் மெல்லவும் பலமாக அழுத்தினால் உரக்கவும் ஒலிக்கும் கட்டைகள் உங்கள் கருவியில் உள்ளனவா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத கீபோர்டில் மெட்டும் துணைக் கார்டுகளும் ஒரே அளவில் ஒலிக்கும். அப்போது இடக்கைக் கார்டுகளில் ஒன்றிரண்டு ஸ்வரங்களை விட்டுவிட்டு வாசித்தால் மெட்டு தெளிவாக மேலே கேட்கும்.