16 பேர் கையெழுத்து போட்டாச்சுன்னா பிளானை நான் பார்க்கவே கூடாதா?

கேள்வி: வக்கீல் மேடம், கே.கே. நகர் பக்கம் பழைய ஹவுசிங் போர்டு ஃப்ளாட்ல தரைத்தளத்துல இருக்கோம். எனக்கு 64 வயசு, வீட்டுக்காரர் முட்டி ஆபரேஷன் ஆகி வாக்கர் வச்சுத்தான் நடக்கறார். மொத்தம் 24 வீடு, 5 கிரவுண்ட், ஒரு வீட்டுக்கு யூடிஎஸ் (பிரிக்காத நிலப் பங்கு) 500 சதுர அடி. இப்போ ரீடெவலப்மெண்ட்னு பேச்சு வந்து 16 பேர் சம்மதம் கொடுத்துட்டாங்கன்னு செகரட்டரி சொல்றார், மீதி பேர் போட்டாலும் போடாட்டியும் நடக்கும்னு சொல்றார். எனக்கு இடிச்சு கட்டறதுல ஆட்சேபணையே இல்ல, சன்ஷேடுல எல்லாம் கம்பி தெரியுது. ஆனா பிளானை கேட்டா ஒரு கலர் படம்தான் காட்டறாங்க, அதுல மரமும் காரும்தான் தெரியுது. எங்க தெருவுல ஏற்கனவே மூணு பிளாக் இடிச்சு உயரமா கட்டியாச்சு, மழை வந்தா சாக்கடை வீட்டு வாசல்ல நிக்குது, இதெல்லாம் யாராவது எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா? வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங் வச்சிருக்காங்க. நான் என்ன பண்றது?

பதில்: அம்மா, உங்க லெட்டர்ல ஒரு வரி எனக்கு ரொம்ப பிடிச்சது, இடிக்கறதுல ஆட்சேபணை இல்லன்னு எழுதினீங்களே, அதுதான். இந்த மாதிரி கேஸ்ல என்கிட்ட வர்றவங்க பாதி பேர் "எப்படியாவது ஸ்டே வாங்கிக் கொடுங்க"ன்னுதான் வருவாங்க, பேசிப் பார்த்தா அவங்களுக்கு ஸ்டே வேண்டாம், தன்னை யாரும் கேக்கலையேங்கற வருத்தம்தான் இருக்கும். நீங்க அதை நேரா சொல்லிட்டீங்க, அதனால நானும் நேரா சொல்றேன்.

செகரட்டரி சொல்றதுல சட்டம் பாதி சரி. 1994ல வந்த பழைய அபார்ட்மெண்ட் சட்டப்படி எல்லா ஓனரும் ஒத்துக்கணும், ஒரே ஒருத்தர் மாட்டேன்னு சொன்னாலும் வருஷக்கணக்கா இழுக்கும், மேல்மாடி சீலிங் பெயர்ந்து விழுந்துட்டே இருக்கும். அதுக்காகத்தான் 2022ல புது அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் கொண்டுவந்தாங்க, 2024 மார்ச்ல இருந்து அமல்ல இருக்கு. இதுல மூணுல ரெண்டு பங்கு ஓனர் சம்மதிச்சா போதும். 24ல மூணுல ரெண்டு பங்கு சரியா 16. அதாவது ஒரு கையெழுத்து கம்மியானாலும் கணக்கு உதைக்கும், அதனால அந்த 16 எப்படி வந்ததுன்னு பார்க்கறதுதான் முதல் வேலை.

சம்மதம்னா என்னத்துக்கு சம்மதம்? மீட்டிங்குக்கு வந்தவங்க அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது, வாட்ஸ்அப் குரூப்ல கட்டை விரல் தூக்கினதும் ஆகாது. முறையா நோட்டீஸ் கொடுத்து ஜெனரல் பாடி கூட்டி, தீர்மானம் போட்டு, ஓனர் எழுத்துல கொடுத்திருக்கணும். யார் போட்டாங்கன்னும் பாருங்க. ஹவுசிங் போர்டு ஃப்ளாட்ல இது பெரிய விஷயம், ஏன்னா போர்டு முதல்ல யாருக்கு ஒதுக்கிச்சோ அந்த அலாட்டி பேர்லயே வீடு இருக்கும், அவர் காலமாகி பத்து வருஷம் ஆகியிருக்கும், நாலு பிள்ளைங்க இருப்பாங்க, இங்க குடியிருக்கற மூத்த பையன் மட்டும் போட்டிருப்பார், சிங்கப்பூர்ல இருக்கற தங்கச்சிக்கு விஷயமே தெரியாது. சில வீட்டுக்கு இன்னும் போர்டுல இருந்து சேல் டீடே வாங்கியிருக்க மாட்டாங்க. அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு இருந்தாலும் உங்க பில்டிங்ல 16ங்கறது 15, 14 ஆயிடும். மினிட்ஸ் புக் நகலும் சம்மத கடிதங்களோட நகலும் வேணும்னு எழுத்துல கேளுங்க, வாயால கேக்காதீங்க, ஸ்பீட் போஸ்ட்ல ஒரு பக்கம் அனுப்புங்க. அசோசியேஷன் புது சட்டப்படி பதிவாகியிருக்கா, அதோட விதிமுறை புத்தகம், அதாவது பைலால என்ன இருக்குன்னும் அதுலயே கேட்டுடுங்க.

இதை கேஸ் போட்டு நிறுத்தறதுக்காக சொல்லல. 16 இன்னும் முழுசா கெட்டியாகல, கேக்கறதுக்கு இன்னும் நேரம் இருக்குன்னு அவங்களுக்கும் தெரியணும், உங்களுக்கும் தெரியணும், அதுக்குத்தான். மெஜாரிட்டி முறையா முடிவு எடுத்துட்டா அதுக்கப்புறம் சின்ன எண்ணிக்கைல இருக்கறவங்க தடுக்க முடியாதுங்கறதுதான் கோர்ட்டுகளோட போக்கு, மும்பை ஹைகோர்ட் இதை திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு. பில்டரோட அக்ரிமெண்ட் பதிவாகறதுக்கு முன்னாடி இருக்கற இந்த மாசம்தான் உங்களோடது.

பில்டிங் டேஞ்சர்னு சர்டிபிகேட் வாங்கிட்டா யார் சம்மதமும் வேண்டாம்னு யாராவது மிரட்டலாம். சட்டத்துல அப்படி ஒரு வழி இருக்கறது உண்மை, ஆனா அதை சொல்ல வேண்டியது சட்டத்துல சொல்ற தகுதிவாய்ந்த அதிகாரி, பில்டர் கூட்டிட்டு வர்ற இன்ஜினியர் இல்ல. அண்ணா யூனிவர்சிட்டி மாதிரி ஒரு இடத்துல ஸ்ட்ரக்சுரல் ஆடிட் பண்ண சொல்லுங்க, செலவை 24 வீடும் பிரிச்சுக்கலாம். கம்பி தெரியுதுன்னு நீங்களே சொல்றீங்க, அது உங்க உயிர் விஷயமும் கூட.

இப்போ பிளானுக்கு வரேன், இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. உங்களோடது 12,000 சதுர அடி நிலம். 2019 கட்டட விதிகள் வந்தப்போ சாதாரண எஃப்எஸ்ஐ, அதாவது நிலத்தோட அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 1.5ல இருந்து 2 ஆச்சு, அதாவது 24,000 சதுர அடி கட்டலாம். அதுக்கு மேல பிரீமியம் எஃப்எஸ்ஐன்னு அரசாங்கத்துக்கு பணம் கட்டி வாங்கலாம், ரோடு அகலத்தை பொறுத்து அதிகபட்சம் 50 சதவீதம் வரைக்கும், அப்படின்னா 36,000 வரைக்கும் போகலாம். பில்டர் உங்ககிட்ட வரும்போது 24,000 கணக்கைத்தான் காட்டுவார். ஆளுக்கு 750 சதுர அடி கொடுத்தா 18,000 போயிடுது, எனக்கு 6,000தான் மிஞ்சுது, இதுக்கு மேல கேட்டா கட்டுப்படியாகாதும்மாம்பார். நீங்களும் பாவம்னு நினைச்சு கையெழுத்து போடுவீங்க. அப்புறம் அவர் பிரீமியம் வாங்கி 36,000 கட்டினா அவர் பங்கு 18,000 ஆயிடும், உங்க 750 அப்படியே இருக்கும். அவர் அதுக்கு பணம் கட்டறார், கட்டுமான செலவும் அவரோடதுதான், அதை நான் மறுக்கல. ஆனா அந்த மாடி நிக்கறது உங்க நிலத்து மேல. அதனால பிளான் அப்ரூவலுக்கு போறதுக்கு முன்னாடியே எத்தனை எஃப்எஸ்ஐக்கு போடறீங்க, பின்னாடி கூடுதலா கிடைச்சா எங்களுக்கு என்ன பங்குன்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி இருந்தே ஆகணும்.

அதே கணக்குல இன்னொண்ணும் பாருங்க, இது யாருமே சொல்ல மாட்டாங்க. அவர் பாதி கட்டடத்தை வித்தா பாதி நிலமும் யூடிஎஸ்ஸா புதுசா வாங்கறவங்க பேருக்கு போயிடும். இன்னிக்கு 500 இருக்கற உங்க யூடிஎஸ் 250 ஆகும். உங்க பேரன் காலத்துல மறுபடி இடிக்கும்போது அந்த 250தான் அவன் கையில இருக்கும். வேண்டாம்னு சொல்லல, தெரிஞ்சு கையெழுத்து போடுங்க.

உங்க வீட்டுக்காரர் விஷயம். புது கட்டடம் ஸ்டில்ட் பிளஸ் அஞ்சுன்னு சொல்லியிருப்பாங்க, ஏன்னா 18.30 மீட்டர் உயரம் தாண்டினா அது ஹைரைஸ் ஆயிடும், விதியெல்லாம் மாறிடும், அதனால பெரும்பாலும் அதுக்குள்ளயே முடிப்பாங்க. ஸ்டில்ட்னா கீழ முழுக்க கார் பார்க்கிங், தரைத்தளத்துல வீடே இருக்காது. தரைத்தளத்துல 30, 40 வருஷமா இருந்தவங்க இதை சாவி வாங்கற அன்னிக்குத்தான் உணர்றாங்க. உங்களுக்கு முதல் மாடி வேணும், லிஃப்டுக்கு ஜெனரேட்டர் பேக்கப் வேணும், ரோட்டுல இருந்து லிஃப்ட் வரைக்கும் படி இல்லாம சரிவு வேணும், பாத்ரூம் கதவு வாக்கர் நுழையற அகலத்துல வேணும். இதெல்லாம் "பார்த்துக்கலாம்மா"ன்னு வாயால சொல்ற விஷயம் இல்ல, டிராயிங்ல வரணும், அந்த டிராயிங் அக்ரிமெண்டோட இணைஞ்சு ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு தரப்பு கையெழுத்தும் இருக்கணும். சதுர அடியும் கார்பெட் ஏரியால, அதாவது சுவருக்குள்ள இருக்கற அளவுல எழுதணும். என்கிட்ட வந்த ஒரு குடும்பத்துக்கு "சுமார் 800 சதுர அடி"ன்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க, சுவருக்குள்ள அளந்தா 610தான் இருந்தது, அந்த "சுமார்"ங்கற ஒரு வார்த்தைக்காக இன்னும் அலையறாங்க.

பில்டருக்கு பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கும்போது அவர் விக்கற பங்குக்கு மட்டும் கொடுங்க, மொத்த நிலத்துக்கும் கொடுக்காதீங்க. ஒரிஜினல் டாக்குமெண்டை அவர் கையில கொடுக்காதீங்க, அடமானம் வைக்கறதுக்கு வழி விடக்கூடாது. வீடு காலி பண்ற நாள்ல இருந்து புது சாவி கைக்கு வர்ற வரைக்கும் மாச வாடகை, இத்தனை மாசத்துல முடிக்கலைன்னா வாடகை எவ்வளவு கூடும், நடுவுல விட்டுட்டு போனா பேங்க் கேரண்டி எவ்வளவு, இதெல்லாம் இருக்கணும். முடிஞ்சதுக்கு அர்த்தம் பெயிண்ட் அடிச்சது இல்ல, கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கினது, அது இல்லாம நிரந்தர ஈபி கனெக்ஷனே கிடைக்காது. 500 சதுர மீட்டருக்கு மேல நிலமோ எட்டுக்கு மேல ஃப்ளாட்டோ இருந்து வெளியாளுக்கு விக்கறாங்கன்னா ரெராவுல, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு கட்டாயம், உங்களோடது ரெண்டு கணக்குலயும் வருது. பதிவு பண்ணிட்டா அப்ரூவ்டு பிளானும் முடிக்கற தேதியும் ரெரா வெப்சைட்லயே இருக்கும், உங்ககிட்ட காட்டின படத்தோட ஒத்துப் பாருங்க. வருமான வரி ஒண்ணு இருக்கு, அதை உங்க ஆடிட்டர்கிட்ட கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

மும்பைல ஹவுசிங் சொசைட்டிங்களுக்கு 79ஏன்னு அரசாங்க வழிமுறை 2009லயே வந்து 2019ல திருத்தியிருக்காங்க. முதல்ல சொசைட்டியே தன் செலவுல ஒரு கன்சல்டண்ட் வச்சு என்ன கட்ட முடியும்னு ரிப்போர்ட் வாங்கணும், அதை எல்லாருக்கும் கொடுக்கணும், பில்டரை தேர்ந்தெடுக்கற மீட்டிங்கை வீடியோ எடுக்கணும். அது நம்ம ஊருக்கு பொருந்தற சட்டம் இல்ல, ஆனா நாமளே ஒரு தீர்மானமா போட்டு அதே மாதிரி நடத்தினா எந்த சட்டமும் தடுக்காது. ஒரு ஆர்க்கிடெக்டை 24 வீடும் சேர்ந்து அமர்த்தினா ஆளுக்கு ஆகற செலவு பெருசா இருக்காது, அவர் பில்டர்கிட்ட காசு வாங்காதவரா இருக்கணும், அவ்வளவுதான்.

தெரு பத்தி கேட்டீங்களே, அதுக்கு பதில் சொல்ல எனக்கே வருத்தமா இருக்கு. ஒரு தனி கட்டடத்துக்கு பிளானிங் பர்மிஷன் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரை கூப்பிட்டு கேக்கணும்னு நம்ம விதில இல்ல. ஒவ்வொரு பிளாக்கும் தனியா விதிப்படி சரியா இருக்கும், ஆனா 24 வீடு இருந்த இடத்துல 40, 50 வீடு வந்தா தெருவுக்கு அடியில இருக்கற அதே பழைய சாக்கடை பைப் என்ன பண்ணும்? ஊர்ல வீடு கூடணும், மெட்ரோ பக்கத்துல நிறைய பேர் குடியிருக்கணும், இதை நான் முழுசா ஒத்துக்கறேன். ஆனா மாடி ஏர்ற வேகத்துல பைப்பும் மாறணும்னு சொல்றதுக்கு தெருவுல இருக்கறவங்களுக்கு இடம் வேணும். சட்டத்துல அந்த இடம் இருக்கறது மாஸ்டர் பிளான், அதாவது ஊர் முழுக்கவுக்குமான வளர்ச்சித் திட்டம், அந்த லெவல்ல. 1971 நகர் ஊரமைப்பு சட்டம் 26வது பிரிவுப்படி பிளானை தயாரிச்சதும் நோட்டீஸ் போட்டு குறைஞ்சது ரெண்டு மாசம் ஆட்சேபணை வாங்கணும், நேர்ல பேசணும்னு கேட்டவங்களை கூப்பிட்டு கேக்கணும். 2008ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான், மூணாவது 2046 வரைக்குமானது. அந்த நோட்டீஸை தவறவிடாதீங்க, உங்க தெரு பேர், பைப், மழைநாள் போட்டோ எல்லாம் வச்சு எழுதுங்க, "நேரில் சொல்ல வாய்ப்பு வேண்டும்"ங்கற வரியை மறக்காம சேருங்க.

அதுவரைக்கும் ரெண்டு வழி இருக்கு. 2022ல வந்த விதிப்படி ஒவ்வொரு வார்டுலயும் அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசற பகுதி சபா இருக்கு, கவுன்சிலர்கிட்ட அடுத்தது எப்போன்னு கேட்டு தெருவுல பத்து பேரா போய் சாக்கடை விஷயத்தை தீர்மானமா பதிய வைங்க. இன்னொண்ணு தகவல் அறியும் உரிமை சட்டம், அதாவது ஆர்டிஐ, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி குடிநீர் வாரியத்துக்கு ஒரு மனு போடுங்க, எங்க தெரு கழிவுநீர் குழாய் எந்த வருஷம் போட்டது, என்ன அளவு, புது மூணு பிளாக்குக்கு கனெக்ஷன் கொடுக்கும்போது கொள்ளளவு பார்த்தீங்களான்னு. 30 நாள்ல பதில் வரணும். அந்த பதிலை கையில வச்சுக்கிட்டு பேசினா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு தனியா போகாதீங்க, உங்களைத் தவிர இன்னும் கையெழுத்து போடாத ஏழு வீட்டுல ரெண்டு மூணு பேரையாவது சேர்த்துட்டு போங்க, போட்ட வீட்டுலயும் உங்க மாதிரி வயசானவங்க இருப்பாங்க, அவங்ககிட்டயும் பேசுங்க. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடும்போது பேருக்கு பக்கத்துல "வருகைக்கு மட்டும்"னு எழுதுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி இன்ச் டேப் எடுத்து வீட்டுக்காரர் வாக்கரோட அகலத்தை அளந்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, கலர் படத்தை காட்டினா இந்த பாத்ரூம் கதவு எத்தனை இன்ச்சுன்னு முதல்ல அதை கேளுங்க.