ஹோஸ் மாற்ற முன் ஒயிலைப் பாருங்கள்: பந்தயத் தடத்து பிரேக் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த ஓடுபாதையிலோ, அநுராதபுரம் சாலியபுர மண் தடத்திலோ கார் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் நம் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கிளிநொச்சி: அண்ணை, என்னிடம் 1998 ஹொண்டா சிவிக் இருக்கிறது. பிரேக் ஒயிலைச் சில்லுக்குக் கொண்டுபோகும் றப்பர் ஹோஸுக்குப் பதில் கம்பிவலை ஹோஸ் போட்டால் கார் எவ்வளவு முன்னதாக நிற்கும்?

முன்னதாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள் தம்பி. காரை நிறுத்துவது ரயரும் பிரேக் பேடும். சில்லு இறுகி இழுபடும் அளவுக்கு அழுத்தத்தைப் பழைய ஹோஸே கொடுத்துவிடும். மாறுவது காலுக்குத் தெரியும் பிடிமானம். றப்பர் ஹோஸ் அழுத்தத்தில் சற்று உப்பும், நீங்கள் மிதிப்பதில் கொஞ்சம் அதற்கே போய்விடும். உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே துருப்பிடிக்காத கம்பிவலை என்றால் அந்த உப்பல் மிகக் குறைவு. வளைவுக்குள் நுழைகையில் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டு போகிறவருக்கு அது பெரிய உதவி.

இன்னொன்று. உங்கள் காரில் இருப்பது காரோடு வந்த ஹோஸ் என்றால், புதிய ஒரிஜினல் றப்பர் ஹோஸ் மாட்டினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். கம்பிவலையின் புகழில் பாதி, பழையதைக் கழற்றியதால் வந்தது என்பது என் எண்ணம்.

வவுனியா: நாலு சுற்று நன்றாக ஓடுகிறது. பிறகு பெடல் தரைக்கு இறங்குகிறது, ஆறினால் சரியாகிவிடுகிறது. ஹோஸ் மாற்றட்டா?

வேண்டாம், ஒயிலை மாற்றுங்கள். ஹோஸில் பிழை என்றால் முதல் சுற்றிலேயே காட்டும். சூட்டில் மட்டும் இறங்குகிறது என்றால், சில்லில் பேடை அழுத்தும் கலிப்பருக்குள் ஒயில் கொதித்து ஆவியாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், அதனால்தான் கால் கீழே போகிறது.

பிரேக் ஒயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் என்பது போத்தலில் இருக்கும் அமெரிக்கத் தரக் குறியீடு. புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140. டொட் 4 என்றால் 230, 155. டொட் 5.1 என்றால் 260, 180. பந்தயத்துக்கென்றே வரும் ஒயில்களில் சில, புதிதாக இருக்கையில் 300 பாகையைத் தாண்டும். ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு மாரி முழுக்கத் திறந்து கிடந்த போத்தலில் என்ன எண் எழுதியிருந்தாலும் அதை ஊற்றாதீர்கள்.

பெடல் கல் மாதிரி இறுகியே இருக்கிறது, கார்தான் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை: பேட் சூட்டில் பிடியை இழந்துவிட்டது. அதற்கு ஒயிலும் உதவாது, ஹோஸும் உதவாது.

முல்லைத்தீவு: டொட் 5 தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்கிறார் கடைக்காரர்.

எண் பெரிது, அவ்வளவுதான். டொட் 5 சிலிக்கன் ஒயில். 3, 4, 5.1 ஆகியவற்றோடு சேராது, நுண்ணிய காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைக்கும், ஏபிஎஸ் (சில்லு இறுகிவிடாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காருக்கு ஆகாது. 5.1 வேறு, அது 4இன் உறவு.

புதுக்குடியிருப்பு: உழவு இயந்திரத்துக்கும் பெக்கோவுக்கும் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடை பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்பில் சொல்லும் விலையில் கால்வாசிக்குச் செய்து தருகிறார்கள். போடலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. வேண்டாம்.

அழுத்தத்தில் சிக்கல் இல்லை. கடுமையாக மிதித்தால் பிரேக்கில் 100 பார் அளவுக்கு ஏறலாம், ஹைட்ரோலிக் ஹோஸ் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். சிக்கல் உள்ளே ஓடும் ஒயிலில். ஹைட்ரோலிக் ஹோஸின் உட்சுவர் பெரும்பாலும் நைட்ரைல் றப்பர். அது கனிய எண்ணெய்க்காகச் செய்தது, பிரேக் ஒயில் பட்டால் ஊதி இளகும். உங்கள் பிரேக் சீல்களோ நேர்மாறு. அவை ஈபிடிஎம் றப்பர், அவற்றுக்குக் கனிய எண்ணெய்தான் நஞ்சு. அந்தக் கடையின் அழுத்தும் இயந்திரத்திலோ மேசையிலோ இருக்கும் எண்ணெய் ஹோஸுக்குள் தங்கிவிட்டால், பெடல் மிதித்ததும் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வரை சீல்கள் உப்பும். மிச்சம் பிடித்த காசை விட அதைச் சீர் செய்யும் செலவு அதிகம்.

அதோடு அந்த ஹோஸ் தடிப்பானது. சில்லு திரும்பும்போதும் ஏறி இறங்கும்போதும் வளைய வேண்டியது வளையாமல் முனையை இழுக்கும். அந்தக் கடைக்காரர் தன் தொழிலில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் இது அவர் தொழில் இல்லை.

மன்னார்: ரொறன்ரோவிலிருந்து தம்பி ஹோஸ் கிட் அனுப்புகிறான் அண்ணா. நான் எதைப் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும்?

காரின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள் தங்கச்சி. ஒரே பெயரில் கனடாவுக்கு ஒரு மாதிரி, ஜப்பானுக்கு ஒரு மாதிரி வரும். சேசிஸ் குறியீடு, பின் சில்லில் டிரம்மா டிஸ்க்கா, ஏபிஎஸ் உண்டா, இவற்றைச் சொல்லுங்கள். கழற்றாமலே பழைய ஹோஸின் இரு முனைகளையும் படமெடுத்து அனுப்புங்கள். ஹோஸில் டொட் முத்திரையும் செய்தவர் பெயரும் இருக்க வேண்டும்.

மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முடிவு வரை திருப்பிப் பாருங்கள். காரைத் தூக்கி, சில்லைத் தொங்கவிட்டும் பாருங்கள். எங்கும் இழுபடவோ முறுக்கேறவோ ரயரில் உரசவோ கூடாது. கம்பிவலை அரம் மாதிரி, தொட்டதை எல்லாம் அறுக்கும்.

சாலியபுர போகிறேன். மண் தடத்துக்கு ஏதாவது விசேடம்?

மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவலை வாங்குங்கள். வெறும் வலைக்குள் நம் கிரவல் தூசி புகுந்தால் உள்ளிருக்கும் டெஃப்லானைத் தேய்த்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

மாங்குளம்: செப்பு வாசரைச் சூடாக்கித் திரும்பப் போடலாம்தானே?

சூடாக்கினால் செம்பு இளகும், உண்மை. ஆனால் முகத்தில் விழுந்த வடு போகாது. ஹோஸ் முனையைக் கலிப்பரில் பொருத்தும் பன்ஜோ போல்ட்டுக்கு இரண்டு புது வாசர், எப்போதும்.

மாட்டி முடித்தாயிற்று. பிரேக்குக்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பது எந்தச் சில்லிலிருந்து?

பல கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குவார்கள். உங்கள் காரின் கையேடு வேறு மாதிரிச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். பிரேக் ஒயில் தாங்கி வறண்டு போக விடாதீர்கள். பெயின்டில் சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பெடலை இறுக்கி மிதித்தபடி இருக்கட்டும், மற்றவர் ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் தொட்டுப் பார்க்கட்டும். தடத்தில் முதல் ஓட்டம் முடிந்து கார் ஆறியதும் அதே துணிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.