டோக்கியோவில் பல் வலியா? கேளுங்க, சொல்றேன்

நிஷிகசாய்ல பதினோரு வருஷமா இருக்கேன். நம்ம ஆளுங்க எத்தனையோ பேருக்குத் துணையா பல் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்திருக்கேன், அந்தப் பழக்கத்துல சொல்றேன்.

அக்கா, வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, கடவாப் பல் வலி உயிர் போகுது. இங்கிலீஷ் பேசுற டாக்டர் எங்க இருக்காங்க?

டோக்கியோ அரசாங்கத்தோட ஹிமாவாரின்னு ஒரு மருத்துவத் தகவல் சேவை இருக்கு தம்பி, போன்ல இங்கிலீஷ்லயே கேக்கலாம், ஏரியாவைச் சொன்னா பக்கத்துல இருக்கிற கிளினிக்கைச் சொல்லுவாங்க. ஆனா இங்கிலீஷ் நல்லா பேசுற சில இடத்துல இங்கத்த அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க மாட்டாங்க, முழுக் காசும் நம்ம தலையில விழும், அதனால போன்லயே "ஹொகென்", அதாவது இன்சூரன்ஸ், எடுப்பீங்களான்னு கேட்டுடுங்க. இன்சூரன்ஸ்ல பார்த்தா நம்ம கைக்காசு 30 சதவீதம்தான்.

வீட்டுப் பக்கத்து டாக்டருக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. வலியை எப்படிச் சொல்றது?

இதுக்குத் தமிழ்தான் கை கொடுக்கும், நிஜமா சொல்றேன். நாம விண்ணு விண்ணுனு தெறிக்குதுன்னு சொல்றோம்ல, அவங்க "ஜுகிஜுகி"ம்பாங்க. சுருக்கு சுருக்குன்னு குத்தினா "ச்சிகுச்சிகு". ஐஸ் தண்ணி பட்டா பல் கூசுதே, அது "ஷிமிரு". ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிறது "மசுய்". இந்த நாலு வார்த்தையை ஒரு சீட்டுல எழுதிக்கிட்டு எந்தப் பல்லுன்னு விரலால காட்டினா போதும், டாக்டர் புரிஞ்சுக்குவார். சேர்ல சாய்ச்சதும் கண்ணு மேல சின்ன டவலைப் போட்டுட்டு ஏதோ சொல்லுவாங்க, பயந்துடாதீங்க, வலிச்சா இடது கையைத் தூக்குங்கன்னுதான் பெரும்பாலும் சொல்றது. வலிச்சா தூக்கிடுங்க, கூச்சப்படவே வேண்டாம்.

ஒரே சொத்தைக்கு அஞ்சு தடவை வரச் சொல்றாங்களே, ஏமாத்துறாங்களா?

இல்லம்மா. இன்சூரன்ஸ்ல பார்க்கும்போது கொஞ்சம் கொஞ்சமா, அரை மணி நேரமா பிரிச்சுத்தான் பார்ப்பாங்க, இங்க அதுதான் வழக்கம். வலி நின்னுடுச்சேன்னு ரூட் கேனாலை, அதாவது பல் வேருக்குள்ள சுத்தம் பண்ற சிகிச்சையை, பாதியில விட்டுடாதீங்க, உள்ள வெச்சிருக்கிறது தற்காலிக அடைப்பு, அது கழண்டா கிருமி ஏறி கடைசியில பல்லையே எடுக்க வேண்டி வரும். நம்ம ஆளுங்க ரெண்டு பேர் அப்படிப் பல்லை இழந்ததைக் கூட இருந்து பார்த்தேன், மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு.

பல்லு மேல மாட்டுற கேப்பை வெள்ளிக் கலர்ல போட்டுட்டாங்க ப்ரோ!

அக்கான்னு கூப்பிடுங்க. அது இன்சூரன்ஸ்ல வர்ற உலோகக் கேப். இப்போ பிளாஸ்டிக் மாதிரி இருக்கிற வெள்ளை ரெசின் கேப்பும் நிறைய பல்லுக்கு இன்சூரன்ஸ்லயே வருது, போடுறதுக்கு முன்னாடியே "ஷிரோய்" வேணும்னு சொல்லணும். செராமிக்னா முழுக்க நம்ம காசு.

பையனுக்கு 6 வயசு, செலவு ஆகுமா?

டோக்கியோ நகரத்தோட 23 வார்டுக்குள்ள இருந்தா வார்டு ஆபீஸ்ல தர்ற குழந்தைகள் மருத்துவச் சான்றைக் காட்டுங்க, இன்சூரன்ஸ் சிகிச்சைக்குக் காசே இல்லை. பல்லுக்குக் கம்பி கட்டுறது பெரும்பாலும் இதுல வராது.

விஸ்டம் டூத் எடுக்க நேரா யுனிவர்சிட்டி ஹாஸ்பிடலுக்கே போகலாமா?

வேண்டாம். முதல்ல வீட்டுப் பக்கத்து பல் டாக்டர்கிட்ட "ஷோகாய்ஜோ" வாங்கிக்கோங்க, அறிமுகக் கடிதம். அது இல்லாம போனா பல பெரிய ஆஸ்பத்திரிகள்ல பல் பிரிவுல முதல் தடவைக்கே 5,000 யென்னுக்குக் குறையாம தனியா வாங்குவாங்க. எக்ஸ்ரேயையும் சேர்த்துக் கேளுங்க, கொடுத்தா கையோட எடுத்துட்டுப் போங்க.