தொழில்நுட்பமும் வாசகரும் மாறும்போது நூலகர் எப்படி மாறலாம்?

நூலகர் என்றால் புத்தகத்தை அடுக்கி வைத்து எடுத்துக் கொடுப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், ஒருவரின் தேவையை அதற்குப் பொருத்தமான தகவலோடு சேர்த்து வைப்பவர் அவர். தகவல் இருக்கும் இடம் மாறினால் அவர் வேலையும் மாறத்தான் வேண்டும். 1931-இல் இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் கடைசி விதியே 'நூலகம் வளரும் உயிரி' என்பதுதான்.

தையற்காரரை நினைத்துப் பாருங்கள். மிதி இயந்திரம் போய் மோட்டார் வந்தாலும் முதலில் அளவு எடுக்க வேண்டும். நூலகருக்கு அந்த அளவு, வாசகரிடம் கேட்கும் கேள்வி. 'சர்க்கரை நோய் பற்றிப் புத்தகம் வேண்டும்' என்று வருபவர் மாணவரா, நேற்றுதான் நோய் உறுதியானவரா? இரண்டு பேருக்கும் ஒரே பதில் உதவாது. ஆகவே எந்தக் கருவியை வாங்கலாம் என்று தொடங்காமல், வருகிறவர்கள் எதைத் தேடித் திணறுகிறார்கள் என்று சில வாரம் குறித்து வைப்பது நல்லது என்பேன். அப்புறம் மின்னூல், தரவுத்தளம் என்று ஒவ்வொன்றாகப் பழகலாம். செயற்கை நுண்ணறிவு சில நேரம் இல்லாத நூலையே இருப்பதாகச் சொல்லிவிடும். அதைச் சரிபார்த்துக் காட்டுவதும் இப்போது நூலகர் வேலைதான்.

'எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே' என்பார்கள். சந்தா கட்டினால் மட்டுமே திறக்கும் ஆய்விதழ்களும் ஸ்கேன் செய்யப்படாத பழைய நூல்களும் சாதாரணத் தேடலில் முழுதாகக் கிடைப்பதில்லை.