உட்புறம் கழுவினால் தொற்று தங்காதா?

மகளிர் நலம்: வாசகியர் கேள்விகளுக்கு மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 38. தாம்பத்திய உறவுக்குப் பிறகும், மாதவிலக்கு முடிந்த பிறகும் விரலில் சோப்பு நுரை எடுத்து யோனியின் உட்புறத்தைக் கழுவுவது பல ஆண்டுப் பழக்கம். சுத்தமாக இருந்தால் கிருமி அண்டாது என்று நம்பினேன். இந்தப் பழக்கமே ஹெச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தொற்றுக்கு வழிவகுக்கும் என்று அண்மையில் படித்ததிலிருந்து கலக்கமாக இருக்கிறது. எது உண்மை?

பதில்: கழுவுவதால் ஹெச்.பி.வி. உண்டாவதில்லை. உடலுறவின்போதும், பிறப்புறுப்புப் பகுதியின் தோல் தோலோடு உரசும்போதும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் வைரஸ் அது. ஆனால் கழுவினால் அது போய்விடும் என்பதும் நடக்காத காரியம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிராய்ப்புகளின் வழியாகப் புகுந்து, மேல்தோலின் அடியடுக்கில் இருக்கும் செல்களுக்குள் தங்கிவிடும் வைரஸைத் தண்ணீரோ சோப்போ எட்டவே முடியாது. சோப்பு எட்டுவது வேறொன்றை.

பருவமடைந்த பெண்ணின் யோனிச் சுவரில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தயவால் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சேர்கிறது. அதிலிருந்து லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, உட்புறத்தின் பி.எச். அளவை (அமில-காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே இருந்தால் அமிலம்) பெரும்பாலும் 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் வைத்திருக்கின்றன. அடர்நிற உள்ளாடை அந்த இடத்தில் மட்டும் வெளிறிப்போவதைப் பல பெண்கள் கவனித்திருப்பார்கள்; நோய் என்று பயந்து கேட்பவர்களும் உண்டு. அது இந்த அமிலத்தின் வேலை. நாம் குளிக்கும் சோப்புக் கட்டிகளோ பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. அந்த நுரையை உள்ளே செலுத்தும்போது நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, பிற பாக்டீரியாக்கள் பெருக இடம் கிடைக்கிறது. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற இந்த நிலையில் சாம்பல் நிறத்தில் நீர்த்த கசிவும் மீன் வாடையும் வரும். வாடை வந்ததும் இன்னும் அழுத்திக் கழுவுவார்கள். கழுவக் கழுவ வாடை கூடும். என்னிடம் வருபவர்களில் இந்தச் சுழலுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கணிசமானோர்.

இனி நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன். உட்புறத்தைக் கழுவும் பழக்கமுள்ள பெண்களிடம் ஹெச்.பி.வி. தொற்று கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகளும், அப்படியொரு தொடர்பு தென்படவில்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. ஏற்கெனவே அரிப்போ வாடையோ இருப்பதால்தான் பலர் கழுவத் தொடங்குகிறார்கள் என்பதாலும், புகைப்பழக்கம், இணையர்களின் எண்ணிக்கை போன்ற பிற காரணங்களும் கூடவே கலந்திருப்பதாலும், எது முந்தியது எது பிந்தியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே கழுவியதால்தான் தொற்று வந்தது என்று அறுதியிட்டுக் கூற இன்றுள்ள சான்றுகள் போதா. ஆனால் அப்படி நடப்பதற்கான வழி இருக்கிறது. நல்ல பாக்டீரியாக்கள் குறைந்த பெண்களிடம் ஹெச்.பி.வி. எளிதில் விலகாமல் தங்குவதோடு தொடர்பு காணப்பட்டுள்ளது. நகமும் துணியும் சோப்பும் மென்மையான உட்சுவரைச் சிராய்க்கின்றன. 2007-இல் எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், நொனாக்சினால்-9 என்ற விந்துக்கொல்லி மருந்து பிறப்புறுப்பின் மேலடுக்கைச் சேதப்படுத்தி, ஹெச்.பி.வி.யின் உறையைக் கொண்ட சோதனை வைரஸ் எளிதில் பற்றிக்கொள்ள வழிசெய்தது. எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. என்றாலும், மேலடுக்கைக் கெடுக்கும் எதையும் உள்ளே விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அது போதும்.

எனவே இன்றே நிறுத்திவிடுங்கள். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். மாதவிலக்கு நாட்களிலும் இதுவே. காய்ந்தபின் உள்ளாடையில் இளமஞ்சளாகத் தெரியும் இலேசான கசிவு இயல்பானது. அரிப்பு, எரிச்சல், வாடை, உறவுக்குப் பின் இரத்தக்கசிவு ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிரசவத்துக்குப் பிறகு தளர்ச்சி ஏற்பட்டதாக உணர்கிறேன். யோனியை இறுக்கமாக்கும் ஜெல், உலர்த்தும் பொடி என்று விற்கிறார்களே, பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஈரப்பசை இல்லாத நிலையில் உறவு கொள்ளும்போது உட்சுவர் கிழிகிறது. வைரஸுக்கு அதைவிட வசதியான வாசல் கிடையாது. விற்பவர் 'இறுக்கம்' என்று சொல்வது பெரும்பாலும் வறட்சியும் வீக்கமும்தான். இடுப்புத்தளத் தசைகளுக்கான கீகல் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு சில மாதங்கள் விடாமல் செய்யுங்கள்.

கேள்வி: வயது 34. பரிசோதனையில் ஹெச்.பி.வி. 16-ஆம் வகை இருப்பதாக வந்திருக்கிறது. "சுத்தமாக இல்லாததால் வந்தது" என்கிறார் மாமியார். கணவரோ வேறு மாதிரிப் பார்க்கிறார். கிருமிநாசினி கலந்த நீரால் உள்ளே கழுவினால் சரியாகுமா?

பதில்: கிருமிநாசினியைத் தொடாதீர்கள்; புண்ணாகுமே தவிர வைரஸ் போகாது. உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இல்லை. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஹெச்.பி.வி. தொற்று வந்து போகிறது. அது பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் தங்கிப் பிறகு பரிசோதனையில் அகப்படலாம் என்பதால், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இந்த அறிக்கையை வைத்து ஒருவரின் நடத்தையை எடைபோடுவது அநியாயம். அடுத்த முறை கணவரையும் அழைத்துச் சென்று இதை மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

பத்தில் ஏறத்தாழ ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அடங்கிவிடுகின்றன. ஆனால் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் என்பதால், உங்கள் விஷயத்தில் வெறுமனே காத்திருக்கக் கூடாது. கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள். இயல்பான எதிர்ப்பாற்றல் உள்ளவர்களிடம் தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இடையில் தோன்றும் மாற்றங்களைக் கண்டுபிடித்தால் புற்றுநோய் வருமுன்பே சிகிச்சையால் அகற்றிவிடலாம். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொற்று நீடிக்க அது துணைபோகிறது.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. சுகாதாரமாக வளர்த்தால் போதாதா, தடுப்பூசியும் அவசியமா?

பதில்: அவசியம். சுகாதாரம் நல்லதுதான், ஆனால் ஹெச்.பி.வி.யைத் தடுக்கும் வேலை அதனுடையது அல்ல. ஆணுறைகூட மூடாத தோல் வழியே தொற்றுவதை முழுமையாகத் தடுக்காது. பாலியல் வாழ்க்கை தொடங்குவதற்கு வெகுமுன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதினருக்கு ஒரு தவணையோ இரண்டு தவணையோ போதும் என்று 2022-இல் அறிவித்தது. தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுக்காது என்பதால், பிற்காலத்தில் பரிசோதனையும் தேவைப்படும். 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுபடியும் ஹெச்.பி.வி. பரிசோதனை செய்வது அந்நிறுவனம் வகுத்துள்ள இலக்கு. உங்கள் வயதைச் சொல்லவில்லை. ஆனால் இந்த வரி உங்களுக்கும்தான்.

கேள்வி: அடுத்த வாரம் கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை. நன்றாக உள்ளே கழுவிவிட்டுப் போகலாம் அல்லவா?

பதில்: கூடாது. பார்க்க வேண்டிய செல்களே கழுவுதலில் போய்விட்டால், மாதிரி போதவில்லை என்று அறிக்கை வரும். மாற்றம் இருந்தும் தவறிப்போகலாம். பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் உட்புறம் கழுவுதல், யோனிக்குள் வைக்கும் மாத்திரை, களிம்பு, உடலுறவு எதுவும் வேண்டாம். மாதவிலக்கு அந்த நாளில் வந்துவிட்டால் தேதியை மாற்றிக் கேளுங்கள். காலையில் வழக்கம்போல் குளித்துவிட்டுச் செல்லலாம்.