ஒன்றரை மணி எந்தத் தேதி?

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். தினமும் கரும்பலகையில் 'இன்று' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் பிறந்தவர்கள், மறைந்தவர்கள், நடந்தவை எல்லாவற்றையும் எழுதுகிறேன். செப்டம்பர் 11-க்கு விவேகானந்தரின் சிகாகோ உரை (1893), நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் (2001), பாரதி நினைவு நாள் என்று எழுதினேன். பாரதி மறைந்தது 12 என்று ஒரு மாணவி புத்தகத்தோடு வந்து நிற்கிறாள். எது சரி? செப்டம்பர் 5-இல் வ.உ.சி., ராதாகிருஷ்ணன் இருவரில் யாரை முதலில் எழுதுவது? அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் (1799) பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தின் தலையை வெட்டியதும் (1793) ஒன்றாக வருவது ஆச்சரியமாக இல்லையா?

அன்புள்ள டீச்சர்,

ஆச்சரியமாக இல்லை. இருப்பதே 365 நாள். உலகத்துச் சாவெல்லாம் அதற்குள்தான் அடங்கியாக வேண்டும். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, யாராவது இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. கணக்கு டீச்சரைக் கேளுங்கள். (எங்கள் வகுப்பில் அந்தக் கணக்கே வேண்டாம். பாதிப் பேருக்குத் தலைமையாசிரியர் போட்டுவிட்ட ஜூன் மாதப் பிறந்தநாள்தான்.) தேதி ஒன்றாகிப்போனதால் கயத்தாற்றுப் புளியமரத்துக்கும் பாரிசுக்கும் உறவு வந்துவிடாது. செப்டம்பர் 5-க்கு, வ.உ.சி. 1872, ராதாகிருஷ்ணன் 1888. வயதில் மூத்தவரை மேலே எழுதுங்கள். ஆயிற்றா?

பாரதி விஷயம் அப்படி இல்லை. போன மாதம் ஊரில் பழைய வீட்டை ஒழித்தபோது ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்துக்குள் நாலாக மடித்த ஒரு காலண்டர் தாள் கிடைத்தது. அதிலிருந்து இதே நினைப்பாகத்தான் இருக்கிறேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

ஜவுளிக்கடையில் கொடுக்கிற தினசரி காலண்டர் எங்கள் வீட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் தொங்கும். சின்ன வயதில் தூங்கப் போகும்முன் தாளைக் கிழிப்பதில் எனக்கு ஒரு ஆசை. ஆச்சி பார்த்துவிட்டால் முதுகில் ஒன்று விழும். "ஏலே மூதி, இன்னும் விடியவே இல்ல, அதுக்குள்ள நாள எதுக்குல கிழிச்ச?" காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகு அவள்தான் கிழிப்பாள். அதுவரைக்கும் நேற்றுதான்.

தாத்தா இறந்தது ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். மறுநாள் பதியப் போன இடத்தில் குமாஸ்தா அடுத்த தேதியைப் போட்டுக் கொடுத்துவிட்டார். சித்தப்பா அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். ஆச்சி விடவில்லை. "செவ்வாக்கிழம சாயந்தரம் கஞ்சி குடிச்சாரு, அந்த ராத்திரி முழுக்க நான் முழிச்சிருந்தேன். நடுவுல புதன்கிழம எப்படில வந்துச்சு?" திவசத்துக்குத் திதிதானே கணக்கு, அது நடுராத்திரி மணியைப் பார்த்து மாறாது. அதனால் அதில் தகராறு இல்லை. ஆனாலும் இருக்கிறவரைக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமையை அவள் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

கேத வீட்டில் காலண்டரை யார் பார்ப்பார்கள்? பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும் அது அதே செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது. அன்றைக்கு ஆச்சி அந்த முதல் தாளை மட்டும் தனியாக, ஓரம் பிய்யாமல் எடுத்தாள். மீதியை ஒரே பிடியில் கிழித்துப் போட்டாள். செல்லத்தில் இருந்தது அந்தத் தாள்தான். மடிப்பெல்லாம் சுண்ணாம்பு, பின்பக்கம் பென்சிலில் பால் கணக்கு.

இப்போது திருவல்லிக்கேணிக்கு வாருங்கள். 1921 செப்டம்பர் 11 ஞாயிற்றுக்கிழமை. பாரதியின் உயிர் போனது அன்று ராத்திரி சுமார் ஒன்றரை மணிக்கு. நடுராத்திரியில் நாள் மாறும் என்கிற கடிகாரக் கணக்கில் அது 12, திங்கட்கிழமை. சென்னை மாநகராட்சிப் பதிவும் அப்படித்தான். பஞ்சாங்கக் கணக்கில் ஒரு உதயத்திலிருந்து மறு உதயம் வரைக்கும், அறுபது நாழிகையும் ஒரே கிழமை. ஒரு நாழிகை 24 நிமிடம். காலை ஆறு மணி உதயத்திலிருந்து எண்ணினால், ஒன்றரை மணி என்பது ஏறக்குறைய 49 நாழிகை. ஞாயிறு முடிய இன்னும் பதினொரு நாழிகை கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லம்மாளுக்கு அது எந்தக் கிழமையாக இருந்திருக்கும்? உங்கள் பக்கத்து ஊரான கடையத்துப் பெண் அவர். எங்கள் ஆச்சி மாதிரிதான் எண்ணியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அரசும் 2021-இல், நூற்றாண்டின்போது, செப்டம்பர் 11-ஐத்தான் மகாகவி நாள் என்று அறிவித்தது. அவர்கள் நாழிகை பார்த்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் வேறு. மூன்று சம்பவத்தையும் மூன்று வரியில் எழுதிவிட்டு மணி அடித்ததும் அழித்துவிடுகிறீர்கள். நாற்பது வயதுகூட ஆகாமல் ஒரு மனிதன் செத்துப்போன ராத்திரி, சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் ஒரு வரியா? பலகை என்ன பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய நேர அட்டவணையா? அடுத்த வருஷம் மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். தேதிக்குக் கீழே 'ஞாயிறு ராத்திரி, ஒன்றரை மணி, திருவல்லிக்கேணி' என்று எழுதுங்கள். அதற்கே இடம் போதாது.

அந்தப் பிள்ளையிடம் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்து நின்றாளே! என் பெயரைச் சொல்லி ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுங்கள், கோவில்பட்டியில் செய்ததாகப் பார்த்து.