முதற்தடவையில் வெட்டுப்புள்ளியை எட்டாத மகள்: சம்பூர்த் தாயொருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் மகள் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் முதற்தடவை தோற்றி, உயிரியலில் சி தரமும் இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் எஸ் தரமும் பெற்றிருக்கிறார் என்றும், தொடர்ந்து படிப்பிப்பதா நிறுத்திவிடுவதா என்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் பெரும்பகுதி தங்கள் கணவரின் தம்பி கூறியவற்றைப் பற்றியதாக இருந்தது. “பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும்” என்ற அவருடைய முடிவுக்குப் பின்னர் வருகிறேன். முதலில் பெறுபேற்றுத் தாளைப் பார்ப்போம். அதில் இருப்பது வீட்டில் பேசப்படும் அளவுக்கு மோசமானதல்ல.

மூன்று பாடங்களிலும் சித்தி என்பது ஒரு தகைமை. உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகளும் இருந்தால், பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கான குறைந்தபட்சத் தகுதியை அவர் ஏற்கெனவே அடைந்துவிட்டார். எட்டாமற் போனது, பாடநெறியொன்றில் இடம் பெறுவதற்கான ஆகக் குறைந்த இசட் புள்ளியாகிய வெட்டுப்புள்ளி மட்டுமே. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதைக் கணித்து, மூன்று பாடங்களுக்கும் வரும் பெறுமானங்களின் சராசரியாகவே இசட் புள்ளி பெறப்படுகிறது. ஆகையால் ஒரு பாடம் கீழே இழுத்தால் மொத்தமும் இறங்கும். அந்த ஒரு பாடத்தை உயர்த்தினால் மொத்தமும் கணிசமாக ஏறும். தங்கள் மகளைக் கீழே இழுத்த பாடம் பெரும்பாலும் பௌதிகவியல்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கான காரணத்தையும் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். பதின்மூன்றாம் ஆண்டு வகுப்பின் நடுவில் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். பதிலாக ஒருவரும் வரவில்லை. திருகோணமலை நகரிலுள்ள ரியூட்டரிக்குச் சென்றுவர ஒரு நாளில் பாதி பஸ்ஸிலேயே கழிந்தது. இதற்கு முன்னரும் ஒரு கதை உண்டு. 2006இல் போரினால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கிளிவெட்டி முகாம்களிலேயே எழுத்தறிந்தார்கள்; 2015இன் பின்னரே படிப்படியாக ஊர் திரும்பினார்கள். இவற்றைச் சாக்குப்போக்கு என்று யாரேனும் கூறினால் நான் ஏற்க மாட்டேன். பெரும்பாலான பாடநெறிகளுக்கான இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்பட, எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதும், அவற்றுள் திருகோணமலையும் ஒன்றாக இருப்பதும், இத்தகைய குறைகளை அரசே ஒப்புக்கொண்டதால்தான். இந்த ஒதுக்கீட்டைச் சலுகை என்று எண்ணி வெட்கப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கம் தேவையற்றது.

ஆனால் காரணம் உண்மையானது என்பதற்காக இரண்டாந்தடவையும் அதே முறையில் படிக்க அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். மூன்று தடவைகள் தோற்றலாம் என்று விதி இருக்கிறது. ஒரு தடவையில் எடுத்த நல்ல பெறுபேற்றை இன்னொரு தடவையின் பெறுபேற்றோடு சேர்க்க முடியாது என்பதும் விதிதான். எனவே உயிரியலையும் கைவிடாமல், நாளின் முதல் இரண்டு மணித்தியாலங்களைப் பௌதிகவியலுக்கு ஒதுக்கட்டும். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டங்களையும் ஒன்றாக வைத்து, விடையை எழுதிய பின்னரே திட்டத்தைத் திறந்து, எந்தப் படிக்கு எத்தனை புள்ளி போயிற்று என்று அவரே குறித்துக்கொள்ள வேண்டும். முதலாம் வினாத்தாளின் 50 பல்தேர்வு வினாக்களையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துப் பழகுவதற்கு ஆசிரியர் அவசியமில்லை. ஒரு கடிகாரம் போதும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களிலும் தமிழில் உள்ளவை இலவசமானவை. வாரத்தில் ஒரு நாள் நகருக்குச் சென்று, விளங்காதவற்றை மட்டும் கேட்டு வருவது, ஐந்து நாட்கள் பஸ்ஸில் களைத்துப் போவதைவிடப் பயன் தரும்.

டொக்டராக வேண்டும் என்பது மகளின் விருப்பம் என்கிறீர்கள். நோயாளிகளைப் பார்ப்பதா, வெள்ளை மேலங்கியா, எது அவரை ஈர்க்கிறது என்று ஒருநாள் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள். நோயாளிகள்தாம் என்றால் வழிகள் பல. சித்த மருத்துவம் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் ஆகியனவும் இதே பாடங்களைப் படித்தவர்களுக்குரியவை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை முழுமையாக வாசிக்காமல், அயலவர் சொன்ன இரண்டு மூன்று பாடநெறிகளை மட்டும் விண்ணப்பத்தில் நிரப்பியதால் இடம் கிடைத்திருக்கக்கூடியவர்களும் வெளியே நிற்கிறார்கள். எனக்கு மிகுந்த எரிச்சலூட்டும் இழப்பு இதுதான்.

இரண்டாந்தடவைக்குப் படிக்கும்போதே மற்றொரு கதவையும் தட்டிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக்கு, விஞ்ஞானப் பாடங்களில் சித்தி பெற்றவர்களிடமிருந்து வர்த்தமானி மூலம் விண்ணப்பங்கள் கோரப்படுவதுண்டு. பயிற்சிக் காலத்திலும் கொடுப்பனவு உண்டு. அறிவித்தல் வரும்போது வயது, சாதாரண தரப் பெறுபேறு பற்றிய நிபந்தனைகளைக் கவனமாகப் பாருங்கள். தேசிய தொழிற்றகைமைப் படிகளில் நான்காம் மட்டச் சான்றிதழிலிருந்து தொடங்குபவர் ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாக்களைத் தாண்டி ஏழாம் மட்டமான பட்டம் வரை செல்லலாம். அரச பயிற்சி நிலையங்களில் இத்தகைய பல நெறிகளைக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ கற்கலாம். பளபளப்பான பெயர்ப்பலகையோடு பெருந்தொகை கேட்கும் தனியார் நிலையம் எதுவானாலும், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவுபெற்றதா, அந்தக் குறிப்பிட்ட நெறி அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். நகையை அடகு வைக்க நினைப்பதாக எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி மைத்துனரின் பேச்சு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை; தொழில் குறைந்த பருவத்தில் அண்ணன் கடன்படுவதைப் பார்த்துத்தான் அவர் பேசியிருப்பார். ஆகவே “நீங்கள் சொல்வது பிழை” என்று வாதாடுவதைவிட, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: இன்னும் ஒரு தடவை மட்டுமே; மாதச் செலவு இவ்வளவு; இன்னின்ன பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கப்படும்; அடுத்த பெறுபேறு வந்தவுடன் கிடைத்த இடம் எதுவோ அதில் சேர்வார். எல்லையும் செலவும் தெரிந்தால் எதிர்ப்புப் பெரும்பாலும் தணியும். அப்படித் தணியாமல், பெண் என்ற ஒரே காரணத்தையே அவர் திரும்பத் திரும்பச் சொல்வாரானால், முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய தாங்கள் இருவரும் மகளுமே என்பதைப் பணிவாகவும் தெளிவாகவும் கூறிவிடுங்கள். மூன்றாந்தடவை பற்றி இப்போது வாக்குறுதி எதுவும் கொடுக்க வேண்டாம்.

மகள் பத்து நாட்களாக யாரோடும் பேசாமல் இருக்கிறார் என்ற வரி என்னைப் படிப்பு விடயத்தைவிட அதிகமாகக் கவலைப்படுத்துகிறது. உணவும் உறக்கமும் குறைந்திருந்தால் அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டத் தயங்காதீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் அதற்குப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் ஓரளவு தேறியதும் இருவரும் நேரில் வாருங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளின் பிரதிகளும், கடைசியாகச் செய்த பௌதிகவியல் பயிற்சிக் கொப்பியும் தேவைப்படும். முதல் அரை மணித்தியாலம் மகளோடு தனியாகப் பேச விரும்புகிறேன். மைத்துனரும் வர விரும்பினால் அழைத்து வாருங்கள். செலவுக் கணக்கை அவரையும் இருத்தி வைத்தே போடுவோம்.